பெண்ணைப் பெற்றவர் நிற்க வேண்டிய வாசல்

பாப்பா, தம்பி, இது உங்கள் இரண்டு பேருக்கும்தான்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் என் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு ஊர் வானத்தில் நெருப்புக் கோடு கோடாகப் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தம்பி கேட்டான், "இன்னா நைனா, இதுல எந்த டீம் ஜெயிக்கும்?" பாப்பா அவன் மண்டையில் ஒன்று வைத்தாள். "அங்கதான்டா பாய் மாமா இருக்காரு" என்றாள். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கு நைனா அடிச்சிக்கிறாங்க?" என்றான்.

"கையக் கழுவிக்கினு வாங்க, சாப்டலாம்" என்று பேச்சை மாற்றினேன். நீங்கள் சாப்பிட்டு, தூங்கி, மறந்தும் போயிருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். செஞ்சி பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். வெள்ளைக்கார நாடுகளுக்கும் முஸ்லிம் நாடுகளுக்கும் நடுவில் இருக்கிற பகைக்கு வேர் எது என்று சொல்லுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பகையின் ஒரு நுனி நம் ஊர்க் கல்யாண மண்டபம் வரைக்கும் வந்து இடித்ததை நான் பார்த்தேன். அதை எழுதலாம். பாய் மாமா நல்லபடியாக இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத்தான் இன்னும் வர முடியவில்லை.

தம்பி, நீ அவரை அதிகம் பார்த்ததில்லை. நீ நடக்க ஆரம்பித்த வருஷம் அவர் மறுபடியும் குவைத் போய்விட்டார். அதற்கு முன்னால் நானும் அவரும் ஒரே ஸ்டாண்டு. அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாமு என்பேன். இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைச் சவாரிக்குக் கிளம்பினால் ஸ்டாண்டில் இருக்கிறவர்கள், "ராஜாவும் தோஸ்தும் கெளம்பிட்டாங்கப்பா, இனிமே கோட்டைக்கு ஒண்ணும் பயமில்ல" என்று, செஞ்சிக் கோட்டைக் கதையில் வருகிற ராஜாவையும் அவருடைய முஸ்லிம் தோழரையும் வைத்துக் கிண்டல் செய்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தொழப் போகும்போது அவர் முறைக்கு வருகிற சவாரியை நான் எடுப்பேன். மேல்மலையனூர் அமாவாசைக்கு நான் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும்போது என் முறை அவருக்கு. அதற்கெல்லாம் எங்களுக்குள் கணக்குக் கிடையாது.

காலையில் நம் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். நிற்க மாட்டார். நான் எழுந்துவிட்டேனா என்று பார்ப்பதுகூட அவருக்கு வேண்டாம். அடித்தோம், போனோம். அவ்வளவுதான். இப்போதும் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தெருவில் பால்காரர் போகிறார், ஸ்கூல் வேன் போகிறது, யார் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். எதுவும் அந்த மாதிரி இல்லை.

வாலிபத்தில் அவர் முதல் தரம் குவைத் போனபோது தண்ணீர் லாரி ஓட்டினார். பாலைவனத்துக்குள் அமெரிக்கப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அதற்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற வேலை. கூட ஒரு ஈராக்காரர், பாஸ்ரா பக்கத்து ஆள், மாற்று டிரைவராக வருவாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் சரியாகத் தெரியாது. பாதி அரபி, பாதி இந்தி, மீதி கை. அப்படியே நாள் முழுக்கப் பேசுவார்களாம்.

அந்த ஈராக்காரர் சொன்னதைத்தான் மாமு எனக்கு டீக்கடையில் வைத்துச் சொல்லுவார். "அவரு தாத்தா காலத்துல ஒரு தரம் வெள்ளக்காரன் பட்டாளத்தோட வந்தானாம் மச்சான். துருக்கிக்காரன் கிட்டேர்ந்து ஒங்கள விடுவிக்க வந்துருக்கோம்னு சொன்னானாம். வந்தவன் போவல. ஸ்கேல் வச்சிக் கோடு போட்டு, இது ஒரு நாடு அது ஒரு நாடுன்னு பிரிச்சி, வேற ஊர்லேர்ந்து ஒருத்தரக் கூட்டியாந்து இவருதான் ராஜான்னு ஒக்கார வச்சான். எண்ணெய அவன் எடுத்துக்கினான். இப்ப பேரன் காலத்துல இன்னொரு வெள்ளக்காரன் வந்து அதே வார்த்தய சொல்றான், விடுவிக்க வந்துருக்கோம்னு. எங்கள எத்தன வாட்டிதான் விடுவிப்பீங்கன்னு கேக்குறாரு அவரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது. நான் அந்தப் பட்டாளத்துக்குத் தண்ணி கொண்டு போறவன். அவரும்தான். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே ஈராக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோது குண்டு வெடித்துச் செத்துப்போனார். வைத்தவன் வெள்ளைக்காரன் இல்லை. அவனும் அல்லாவின் பெயரைச் சொல்கிறவன்தான். "அதுக்கப்புறம் அவரு யாரத் திட்டுறதுன்னே தெரியாம, பேரீச்சம்பழத்தத் தின்னுட்டு கொட்டைய ஜன்னலுக்கு வெளிய துப்பிக்கினே வருவாரு" என்பார் மாமு. அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததில்லை.

இந்த ஊரில் எத்தனையோ பேர் கோட்டைக்கு வந்து போகிறார்கள். பாண்டிச்சேரியில் தங்கி, காலையில் கார் பிடித்து வந்து, வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடப் பார்க்கிற வெள்ளைக்காரர்கள் உண்டு. ஒரு தரம் வயதான ஒருவர் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அமெரிக்கா. மலை ஏற முடியாது, கீழே இருப்பதை மட்டும் பார்த்தால் போதும் என்றார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், மாமுவுக்கு அந்தக் காலத்துப் பட்டாளத்து இங்கிலீஷ் வரும், அதனால் இரண்டு பேரும் போனோம். களஞ்சியம், குளம் எல்லாம் காட்டிவிட்டுக் கோட்டைக்குள் இருக்கும் பழைய பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனோம். யாரும் சொல்லாமலே அவர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கல் சுட்டது. ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு நின்றார்.

மாமு குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர் என்று பேச்சுவாக்கில் நான் சொன்னேன். கிழவர் முகம் மாறிவிட்டது. தன் மகன் அந்த நேரத்தில் அந்தப் பாலைவனத்தில் பட்டாளத்தில் இருந்தான் என்றார். உயிரோடு திரும்பி வந்துவிட்டானாம். ஆனால் வந்ததிலிருந்து பேசுவதில்லை. சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், அப்பாவோடு பேசுவதில்லை. அப்புறம் மாமுவைப் பார்த்து ஒன்று கேட்டார். எனக்குப் புரிந்தது, இருந்தாலும் எப்படிச் சொல்வது என்று நின்றேன்.

"இன்னா மச்சான் கேக்குறாரு?"

"அங்க இருக்கிறவங்க எங்கள வெறுக்கிறாங்களான்னு கேக்குறாரு."

மாமு தாடியைச் சொறிந்தார். "வெறுப்புன்னு சொல்ல முடியாதுன்னு சொல்லு. ஷூவோட வூட்டுக்குள்ள வந்து, அடுப்பு எங்க இருக்கணும் கட்டில் எங்க இருக்கணும்னு சொல்றவன் மேல இன்னா இருக்குமோ, அது இருக்குதுன்னு சொல்லு."

என் இங்கிலீஷில் ஷூ, வீடு, கோபம் மூன்றும்தான் வந்தன. கிழவர் தன் கையில் இருந்த ஷூவைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிக் காட்டி, நான் கழற்றிவிட்டேனே என்று கேட்பது போலப் புருவத்தை உயர்த்தினார். மாமு விழுந்து விழுந்து சிரித்தார். "அதனாலதான் இவ்ளோ வெயில்ல ஒங்களோட நின்னுக்கினு இருக்கேன் பெரியவரே" என்று தமிழிலேயே சொன்னார். "ஒங்க புள்ள நான் கொண்டு போன தண்ணிய குடிச்சிருப்பான். சூடாதான் இருந்திருக்கும். லாரியில ஐஸ் எல்லாம் கெடையாது." நான் அதைச் சொன்னதும் கிழவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஏற்றிவிடும்போது மாமுவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. கண்டக்டர் விசில் அடித்த பிறகுதான் விட்டார்.

அதற்கப்புறம் நான் நூலகத்தில் கொஞ்சம் படித்தேன். சிலுவைப் போர் என்று ஒன்று, ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, அங்கேதான் ஆரம்பம் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. எனக்கு முழுசாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகும் வெள்ளைக்காரர்கள் முஸ்லிம்களிடம் வைத்தியமும் கணக்கும் கற்றிருக்கிறார்கள், சரக்கு வாங்கியிருக்கிறார்கள், விற்றிருக்கிறார்கள். சாமி பெயர் மட்டும்தான் காரணம் என்றால் கல்லாப்பெட்டி எப்படி நிறைந்திருக்கும்? விமானத்தைக் கொண்டுபோய்க் கட்டடத்தில் மோதியவர்களைப் பற்றியும் படித்தேன். காலையில் வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அந்த ஸ்கேல் கோட்டைப் பற்றி என்ன தெரியும்? அவனுக்கும் வீட்டில் உங்களை மாதிரி இரண்டு பேர் இருந்திருப்பார்கள். அதை யார் நியாயம் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று எத்தனை கை மாறியது. ஒருவராவது கீழே ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவனைக் கேட்டு உள்ளே வந்தாரா? ஆனாலும் இன்றைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கினால் நமக்குக் கோபம் வருவதில்லை. இளநீர் வெட்டிக் கொடுக்கிறோம். நாம் நல்லவர்கள் என்பதால் இல்லை. அவர்கள் போய்விட்டார்கள் என்பதால். புண் ஆறிவிட்டது. அங்கே ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து நகம் வைக்கிறார். சில நேரம் சொந்தக்காரனே வைக்கிறான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தப்பாக இருந்தால் நீங்கள் படித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். மாமு இரண்டாம் தரம் குவைத் போனதே அவர் பெண்ணுக்காகத்தான். படிக்க வைக்க வேண்டும், கல்யாணம் செய்ய வேண்டும். போன வருஷம் மாப்பிள்ளை அமைந்தது. அன்றிலிருந்து போனில் அவருக்கு ஒரே பேச்சுதான். "வாசல்ல நான் நிக்கணும் மச்சான். வர்றவங்கள நான் கூப்புடணும். மாப்ள கையப் புடிச்சி நான் சொல்லணும், என் பொண்ண ஒனக்குக் குடுத்தேன்னு. இத்தினி வருஷம் இங்க வெயில்ல காஞ்சது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்."

டிக்கெட் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏவுகணைகள் பறக்க ஆரம்பித்தன. நீங்கள் போனில் பார்த்தது அதுதான். விமானங்களை நிறுத்திவிட்டார்கள். இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று அவர் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம் மச்சான். நோம்பு நெருங்குது. மாப்ளைக்கும் லீவு முடிஞ்சிடும். புள்ள மருதாணி வச்சிட்டு ஒக்காந்துருக்கும். நீ வாசல்ல நில்லு" என்றார். அவ்வளவு நாள் கேட்ட குரல் இல்லை அது.

பெண்ணைக் கொடுக்கிற வார்த்தையை நான் சொல்ல முடியாது. அது பெண்ணின் ரத்த சொந்தத்தில், அவர்கள் மார்க்கத்தில் இருக்கிற ஆண் சொல்ல வேண்டியது. அவலூர்பேட்டையில் இருக்கும் அவர் தம்பிக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். வாசல் எனக்கு. பாப்பா, நீ அன்றைக்குப் பெண்கள் பக்கம் இருந்தாய், அதனால் இதை நீ பார்க்கவில்லை. நான் வெள்ளை வேட்டி சட்டையோடு பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வேனை விட்டு இறங்கினார். வாசலில் நிற்பவன்தான் பெண்ணைப் பெற்றவன் என்று நினைத்துவிட்டார். சலாம் சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர்கள் தோள் மாற்றித் தோள் சேர்ப்பார்கள். எந்தத் தோள் முதலில் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு பக்கம் போக, அவர் அதே பக்கம் வர, நெற்றியோடு நெற்றி முட்டி என் விபூதி அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பன்னீர் இரண்டு பேர் மேலும் கொட்டிவிட்டது.

"ஐயா, நான் பொண்ணோட அப்பா இல்ல. அவரு குவைத்துல மாட்டிக்கினாரு. நான் அவரு சிநேகிதன்" என்றேன்.

பெரியவர் நெற்றியைத் தடவிப் பார்த்தார். விரலில் இருந்த சாம்பலைப் பார்த்தார். "கட்டிப் புடிச்சது புடிச்சதுதான்" என்று சொல்லி, இந்தத் தரம் சரியான தோளைத் தானே தட்டிக் காட்டி, மறுபடியும் கட்டிப்பிடித்தார். இது மாமுவுக்குக் கிடைக்க வேண்டிய தோள் என்று தோன்றியது.

நிக்காஹ் நேரத்துக்கு வீடியோ கால் போட்டேன். அவர் புதுச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டுத் தயாராக இருந்தார். பின்னால் தெரு. கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில்தான் எல்லாரையும் இருக்கச் சொல்லியிருந்தார்களாம். அங்கே சிக்னல் வராது என்று மேலே வந்துவிட்டார்.

"அத்தர் பூசிக்கினு வந்துருக்கேன் மச்சான்."

"போன்ல வாசன வரல மாமு. நீ கீழ போ. ஏதாவது விழுந்து தொலைக்கப் போவுது."

"அஞ்சு நிமிஷம்தான். அதுக்குள்ள விழறதுக்கு இன்னா அவசரம். போன மேல தூக்கு. ஒன் கட்ட வெரலுதான் தெரியுது."

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நிக்காஹ் நடத்தி வைக்கிற அசரத் ஓதினார். மாமுவின் தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் அண்ணன் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்றார். மாமு அங்கே உதட்டை அசைப்பது தெரிந்தது. அதே வார்த்தையை அவரும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். படம் நின்றுவிட்டது. காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து, வாய் பாதி திறந்தபடி மாமு அப்படியே உறைந்து இருந்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். எல்லாரும் கையேந்தித் துஆ கேட்டார்கள். கற்கண்டும் பேரீச்சம்பழமும் கை மாறின. நான் மட்டும் "மாமு, கேட்டுச்சா? மாமு" என்று போனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மீண்டும் இணைகிறது என்று வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. எத்தனை தரம் அடித்தும் போகவில்லை.

பெண் இருந்த அறை வாசலுக்குப் போனேன். அவள் முக்காட்டை விலக்கி, "அத்தா பாத்தாங்களா மாமா?" என்றாள்.

"மொகம் தெரிஞ்சுதும்மா. சித்தப்பா சொன்னது கேட்டுது. மாப்ள சொல்றப்ப லைன் அறுந்துச்சு."

அவள் மருதாணிக் கையால் முக்காட்டை மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "அத்தாவுக்கு எப்பவுமே முக்கியமான எடத்துல காது கேக்காது" என்று சிரிக்கப் பார்த்தாள். நீதான் பாப்பா, கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாய்.

மூன்று நாள் கழித்துத்தான் அவர் பேசினார். அது உங்களுக்குத் தெரியும். விமானம் இப்போது பறக்கிறது, கம்பெனியில் லீவுதான் தர மாட்டேன் என்கிறார்கள். எந்தக் கோட்டுக்கு யார் அடித்துக்கொண்டாலும், தம்பி, ஜெயிக்கிற டீமில் மாமு இருக்க மாட்டார். அந்தக் கிழவரின் மகனும் இருக்க மாட்டான்.

கல்யாணத்தன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பிப் போன பிறகு, உங்களை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினேன் இல்லையா. நான் மண்டபத்துக்குப் பின்பக்கம் போய் ஆட்டோவில் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தி, "மாமு, மாப்ள ஒத்துக்கினான். சத்தமா சொல்லல. மெதுவாதான் சொன்னான், ஆனா வார்த்தய முழுங்கல. இப்படிச் சொன்னான்" என்று, அவன் சொன்ன மாதிரியே, அதே நிதானத்தில், ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். நடுவில் திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதை அழித்தேன். இரண்டு பக்கமும் ரெக்சின் திரையை இறக்கிவிட்டு, பஸ் சத்தம் முழுசாக அடங்கும் வரை இருந்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.